காவற்சொற்களும் கருந்திரை வரிகளும்: ஹக்கின்டொஷ் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பொறிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், அவற்றை ஆக்கியோரையும் விற்றோரையும் முதன்மைப்படுத்தியே பெரும்பாலும் எழுதியுள்ளனர். வாங்கியவர் தம் பொறியைத் திறந்து பார்த்தமையும், அது இயங்க மறுத்தவிடத்துக் காரணந் தேடியமையும், கண்ட காரணத்தைத் தம்மையொத்த பிறருக்கு எடுத்துரைத்தமையும் வரலாற்றுக்குரிய செய்திகளாகக் கொள்ளப்படுதல் அரிது. அச்சுப்பொறியின் வரவு பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. பழுதுபட்ட அச்சுப்பொறியைச் சீர்செய்த கைகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில.

கணினியின் வரலாற்றிலே இக்குறையை ஓரளவு ஈடுசெய்யத்தக்க பகுதி ஒன்றுண்டு. அப்பிள் நிறுவனம் தனது மக்கின்டொஷ் கணினிகளுக்கென ஆக்கிய பணிசெயல் முறைமையை, அந்நிறுவனம் ஆக்காத கணினியில், அதிலும் தனியொருவர் உதிரிகளை வாங்கித் தம் கையாற் பொருத்திய கணினியில், நிறுவி இயக்கும் முயற்சியே அது. நுட்பத்தால் வளைத்துப் பயன்கொள்ளுதலைக் குறிக்கும் 'ஹக்' என்ற ஆங்கிலச் சொல்லை மக்கின்டொஷ் என்ற பெயரோடு ஒட்டி, இத்தகைய கணினியை 'ஹக்கின்டொஷ்' என வழங்கினர். இதனைக் களவு என ஒரு சாராரும், வேலையற்றோரின் விளையாட்டு என மற்றொரு சாராரும் ஒதுக்கிவிடுவதுண்டு. இரண்டும் முற்றாகப் பொய்யல்ல. ஆயினும் இம்முயற்சியில் ஈடுபட்டோர் பழுதை எவ்வாறு அறிந்தனர், அவ்வறிதல் முறை காலப்போக்கில் எவ்வாறு மாறிற்று என்பதை நோக்குமிடத்து வேறொரு தோற்றம் புலனாகின்றது. தொடக்கத்தில் முறைமையை வெட்டித் திருத்தியோர், பின்னர் முறைமையைத் தொடாது விட்டு, தம் பொறி தன்னைப்பற்றித் தானே கூறும் கூற்றைத் திருத்தக் கற்றனர். இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளாமல் இம்முயற்சி இருபது ஆண்டுகளுக்கு நிலைத்தமைக்குக் காரணங் கூறுதல் இயலாது.

அப்பிளின் முறைமையைப் பிறர் பொறியில் இயக்குதல் பற்றிய பிணக்கு மக்கின்டொஷுக்கும் முற்பட்டது. 1982 ஆம் ஆண்டில் பிராங்ளின் என்னும் நிறுவனம் அப்பிள் II கணினியை ஒத்ததொரு கணினியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அப்பிளின் நிரல்களைப் பிரதிசெய்தமையை அந்நிறுவனம் மறுக்கவில்லை. பொறியின் பகுதியாக அமைந்த நிரல் பதிப்புரிமைக்கு உட்பட்டதன்று என்பதே அதன் வாதமாக இருந்தது. மாவட்ட நீதிமன்றம் அப்பிள் வேண்டிய தடையுத்தரவை மறுத்தது. 1983 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவைப் புரட்டி, சில்லில் உறையும் நிரலும் பதிப்புரிமைக்கு உட்பட்டதே எனத் தீர்ப்பளித்தது. இவ்வழக்கில் முன்வைக்கப்பட்ட சான்றுகளுள் ஒன்று சுவையானது. பிராங்ளினின் தட்டில் அப்பிள் நிறுவனத்து நிரலாளர் ஒருவரின் பெயர் அப்படியே பொதிந்து கிடந்தது. பிரதிசெய்தோர் அதனை அகற்றவும் மறந்துவிட்டனர்.

இந்நிகழ்ச்சி அப்பிளுக்கு ஒரு பாடமாயிற்று. மக்கின்டொஷ் உருவாகிக்கொண்டிருந்த அக்காலத்தில், அதன் சில்லினுள் 'அப்பிளிடமிருந்து திருடப்பட்டது' எனப் பொருள்படும் சிறு சித்திரம் ஒன்றை மறைத்து வைக்கும்படி ஸ்டீவ் ஜொப்ஸ் பணித்தார். எவரேனும் அச்சில்லைப் பிரதிசெய்து விற்று, வழக்கு எழுமாயின், நீதிமன்றத்திலேயே சில விசைகளைத் தட்டி அச்சித்திரத்தைத் திரையில் தோற்றுவிக்கலாம் என்பது அவரது எண்ணம். ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதினோன் தன் பெயரைப் பொறித்து வைத்தமை போன்றதொரு வழக்கம் எனலாம். ஆனால் இங்கே கையொப்பம் மறைந்து கிடக்கின்றது, பிடிபடுவோனுக்காகக் காத்திருக்கின்றது. பின்னாளில் ஹக்கின்டொஷைத் தடுக்க எழுந்த காவலும் இவ்வாறு சொற்களாலானதே என்பது மனங்கொளத்தக்கது.

1984 இல் வெளியான மக்கின்டொஷில் முறைமையின் பெரும்பகுதி சில்லிலேயே உறைந்திருந்தது. ஆதலின் சில்லில்லாமல் முறைமையில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் டேவிட் ஸ்மோல் என்பார் அட்டாரி எஸ்டி கணினியில் மக்கின்டொஷ் மென்பொருளை இயக்கும் கருவிகளை ஆக்கியபோது, அச்சில்லுகளைத் தாம் விற்கவில்லை. வாங்குவோரே உண்மையான அப்பிள் சில்லுகளைத் தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. சட்டத்துக்கு இடையூறின்றி நடந்த முயற்சி இது. அப்பிளும் ஒருமுறை வேலியைத் தானே தாண்ட முயன்றது. 1992 இல் நொவெல் நிறுவனத்துடன் கூடித் தன் முறைமையை இன்டெல் செயலிகளுக்குப் பெயர்க்கும் இரகசிய வேலையைத் தொடங்கி, அவ்வாண்டு முடிவதற்குள் அதனை இயக்கியும் காட்டி, 1993 இல் கைவிட்டது. 1995 முதல் பவர் கொம்பியூட்டிங் முதலிய நிறுவனங்களுக்கு மக்கின்டொஷை ஒத்த கணினிகளை ஆக்க அனுமதி வழங்கியது; ஜொப்ஸ் மீண்டு வந்ததும் 1997 இல் அதுவும் நின்றது.

ஹக்கின்டொஷுக்கு உண்மையான விதை ஊன்றப்பட்டது வேறிடத்தில். 1996 டிசெம்பரில் அப்பிள் விலைக்கு வாங்க உடன்பட்ட நெக்ஸ்ட் நிறுவனத்தின் முறைமை, 1993 இலேயே சாதாரண இன்டெல் கணினிகளில் இயங்கிய ஒன்று. அதனை அடித்தளமாகக் கொண்டே மக் ஓஎஸ் எக்ஸ் எழுந்து 2001 மார்ச்சில் வெளியாயிற்று. அதன் கருப்பகுதியாகிய டார்வினின் மூலநிரலை எவரும் படிக்கலாம் என 1999 இல் அப்பிள் அறிவித்திருந்தது. எனவே வீட்டின் கூரையும் சாளரங்களும் மூடியிருந்தபோதும், அத்திவாரத்தின் வரைபடம் திறந்தே கிடந்தது. பின்வந்தோர் இவ்வரைபடத்தைக் கொண்டே பெரும்பாலான பழுதுகளின் காரணத்தை உய்த்தறிந்தனர்.

முதல் ஹக்கின்டொஷ் அப்பிளின் உள்ளேயே பிறந்தது என்று கூறின் அது மிகையாகாது. 2000 ஆம் ஆண்டளவில் பொறியியலாளர் ஒருவர், வீட்டிலிருந்து வேலைசெய்ய வாய்ப்பான தனிப்பணி ஒன்றை வேண்டி, மக் ஓஎஸ் எக்ஸை இன்டெல் கணினிகளில் இயக்கும் பணியை மேற்கொண்டார். அது வெற்றிபெற்றதைக் கண்ட மேலாளர்கள் கடையொன்றிற் சோனி வையோ மடிக்கணினியை வாங்கி அதில் முறைமையை ஏற்றுவித்தனர் என்பது, அவருடைய துணைவியார் 2012 இல் வெளியிட்ட குறிப்பினால் அறியவந்தது. 2005 யூன் 6 ஆம் நாள் அப்பிள் இன்டெல் செயலிகளுக்கு மாறப்போகிறது என ஜொப்ஸ் அறிவித்தபோது, ஐந்தாண்டுகளாகவே முறைமையின் ஒவ்வொரு பதிப்பும் இரு செயலிகளுக்கும் ஆக்கப்பட்டு வந்தமையையும் வெளிப்படுத்தினார்.

இவ்வறிவிப்பை ஒட்டி மென்பொருள் ஆக்குநருக்கு 999 டொலருக்கு ஒரு பயிற்சிக் கணினி வழங்கப்பட்டது. அப்பிளின் அலுமினியப் பேழையைத் திறந்து பார்த்தோர் அதனுள்ளே கண்டது இன்டெலின் பென்டியம் 4 செயலியையும், சாதாரண கணினிகளுக்குரியதை ஒத்த தாய்ப்பலகையையுமே. வெளிக்கூடு அப்பிள், உள்ளுடல் சந்தையில் எவரும் வாங்கத்தக்கது. அக்கணினியோடு வந்த முறைமை சில வாரங்களிலேயே வெளியே கசிந்தது. 2005 ஓகஸ்டில் அது அப்பிளின் பெயர் பொறிக்கப்படாத கணினிகளில் இயங்கத் தொடங்கியிருந்தது.

2006 சனவரியில் உண்மையான இன்டெல் மக்கின்டொஷ்கள் விற்பனைக்கு வந்தபோது காவலும் புதுப்பிக்கப்பட்டது. திரைமேசையைத் தோற்றுவிக்கும் நிரல்கள் முதலிய முக்கியமான சில பகுதிகள் மறைகுறியாக்கப்பட்டன. அவற்றைத் திறக்கும் சாவி, மின்வலுவையும் விசிறிகளையும் கவனிக்கும் முகாமைச் சில்லு ஒன்றில் வைக்கப்பட்டது. அச்சாவி அறுபத்துநான்கு எழுத்துக்களாலான ஒரு வாசகம். தமது கடும் உழைப்பு இச்சொற்களாற் காக்கப்படுகின்றது, தயவுசெய்து திருடவேண்டாம் என்பது அதன் சாரம். முறைமையினுள்ளே இதே பொருளில் ஒரு சிறு கவிதையும் வைக்கப்பட்டிருந்தமை 2006 பெப்ரவரியில் வெளிப்பட்டது. சாவியைப் பெற்றுப் பூட்டைத் திறக்கும் துணைநிரலுக்கு இடப்பட்ட பெயரே 'மக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே' என்பதாகும். பொறியியலாளர் கவிதையை நாடியமை வியப்புக்குரியதன்று. சாவி ஓர் ஆக்கமாக அமையுமிடத்து அதனைப் பிரதிசெய்தலும் பதிப்புரிமை மீறலாகிவிடும். சட்டத்தின் கையைக் கணினியின் உட்புறம்வரை நீட்டும் உபாயம் அது.

இதே காலத்தில் எதிர்த்திசையில் நடந்ததொன்றையும் ஒப்புநோக்கலாம். அப்பிள் கணினியில் விண்டோஸை இயக்கிக் காட்டுவோருக்கு ஆர்வலர் பலர் சேர்ந்து பதின்மூவாயிரத்துக்கும் அதிகமான டொலரைப் பரிசாகத் திரட்டினர். 2006 மார்ச்சில் அப்பரிசு வெல்லப்பட்டது. ஏப்ரல் 5 ஆம் நாள் அப்பிள் தானே அதற்கான மென்பொருளை வெளியிட்டது. பிறர் முறைமை தன் பொறிக்குள் வருவதை அந்நிறுவனம் வரவேற்றது. தன் முறைமை பிறர் பொறிக்குள் போவதையே தடுத்தது. வன்பொருளை விற்று வாழும் நிறுவனம் ஒன்றிற்கு இது இயல்பான நிலைப்பாடேயாகும். எனினும் பணங்கொடுத்து முறைமையைப் பெற்ற ஒருவர் அதனை எந்தப் பொறியில் இயக்கலாம் என்பதை விற்றவரே தீர்மானிப்பது நியாயமா என்ற வினா அன்று முதல் ஓயவில்லை.

2006 முதல் 2008 வரையான தொடக்கக் கட்டத்தை வெட்டலின் காலம் எனக் குறிப்பிடலாம். முறைமையின் கருவத்தையே மாற்றினர். மறைகுறிகளை முன்கூட்டியே அகற்றினர். செயலியில் இல்லாத கட்டளைகளுக்குப் பதிலீடு சேர்த்தனர். இவ்வாறு திருத்திய முறைமையை, பலவகை வன்பொருள்களுக்கான துணைநிரல்களோடு ஒரே தட்டில் அடக்கிப் புனைபெயர்களில் வெளியிட்டனர். நிறுவுவோர் முன்னே ஒரு நீண்ட பட்டியல் விரியும். வலையமைப்புக்கு இது, ஒலிக்கு இது, வரைவியல் அட்டைக்கு இது எனப் பெட்டிகளிற் குறியிட வேண்டும். சிலருக்கு அது இயங்கிற்று. இயங்காதவர்களுக்கோ காரணம் எதுவென அறிய வழியே இருக்கவில்லை. தட்டை ஆக்கியவர் எதை எங்கே மாற்றினார் என்பது அவருக்கே தெரிந்தது. ஒரே பழுதுக்குப் பத்துப்பேர் பத்து மருந்து கூறினர். பத்தையும் ஒருங்கே உட்கொண்டவருடைய கணினி பதினோராவது நோயைப் பெற்றது. அப்பிள் புதுப்பித்தல் ஒன்றை வெளியிட்டதும் வெட்டிய இடங்களெல்லாம் பழையபடி மூடப்பட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இவ்வகைத் தட்டுக்கள் பதிப்புரிமை பெற்ற முறைமையை முழுமையாகப் பரப்பியவை என்பதால், களவு என்னும் குற்றச்சாட்டு இக்கட்டத்துக்கே முழுமையாகப் பொருந்தும்.

இக்குழப்பத்திலிருந்து மீள்வதற்கு வழிகாட்டியது கருந்திரையாகும். கணினி தொடங்கும்போது வழக்கமாகத் தோன்றும் அப்பிள் சின்னத்துக்குப் பதிலாக, கருவம் செய்யும் ஒவ்வொரு செயலையும் வரிவரியாகக் காட்டும்படி பணிக்க ஒரு சிறு குறியே போதும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கள் மேலெழுந்து ஓடும். தொடக்கம் எந்த வரியோடு நின்றதோ, அவ்வரியே பழுதறிதலின் தொடக்கப் புள்ளி. நின்ற இடத்தைக் கைப்படக்கருவியாற் படம்பிடித்து அனுபவம் மிக்கோரிடம் காட்டுதல் இம்முயற்சியாளரிடையே ஒரு மரபாயிற்று. கணினி இயங்கவில்லை என்று மட்டும் கூறுவோருக்கு எவரும் விடையளிக்கவில்லை. எந்தத் தாய்ப்பலகை, எந்தச் செயலி, எந்த அட்டை, இறுதி வரி எது என்று கூறுவோருக்கே விடை கிடைத்தது. நோயாளியின் குறிகளை முறைப்படி கேட்டறியும் வைத்தியரின் ஒழுக்கம் போன்றது இது.

அவ்வரிகளுட் சில பெயர்பெற்றவை. வேர்ச்சாதனத்துக்காக இன்னும் காத்திருப்பதாகக் கூறும் வரி திரும்பத் திரும்பத் தோன்றுமாயின், கருவம் எழுந்துவிட்டது, ஆனால் தான் இருக்கும் வன்தட்டையே அதனாற் காணமுடியவில்லை என்பது பொருள். தாய்ப்பலகையின் அமைப்பில் வன்தட்டுக்கான இணைப்பு பழைய முறையில் விடப்பட்டிருப்பதே அக்காலத்தில் இதற்குப் பெருங் காரணம். அதனை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றியதும் பலருடைய கணினிகள் எழுந்தன. வட்டத்தின் குறுக்கே கோடிட்ட தடைக்குறி தோன்றினும் காரணம் பெரும்பாலும் இதனையடுத்ததே. மேற்கூறிய 'திருடாதே' துணைநிரலின் வருகைக்குக் காத்திருப்பதாக ஒரு வரி தோன்றிக் கணினி அங்கேயே நிற்குமாயின், கருவமும் வன்தட்டும் நலமாயிருக்க, சாவி மட்டும் கிடைக்கவில்லை என்று அறிந்தனர். முகாமைச் சில்லுப் போல நடித்து அச்சாவியை நீட்டும் சிறு நிரல் ஒன்று அதன்பின் எல்லா ஹக்கின்டொஷ்களிலும் இடம்பெற்றது. காவற்சொற்கள் இவ்வாறு ஒரு பழுதின் பெயராக மட்டும் எஞ்சின. சட்டத்தின் கண்ணில் அவற்றின் வலிமை குன்றவில்லை என்பது பின்னரே தெரியவந்தது.

2008 ஆம் ஆண்டளவில் அணுகுமுறை மாறிற்று. இன்டெல் மக்கின்டொஷ்கள் பழைய பயோஸுக்குப் பதிலாக ஈஎப்ஐ என்னும் நிலைப்பொருளைக் கொண்டிருந்தன. சாதாரண கணினியிலும் அந்நிலைப்பொருள் இருப்பது போன்ற தோற்றத்தை முறைமை எழுமுன்னரே ஏற்படுத்தும் தொடக்க ஏற்றிகள் தோன்றின. கமீலியன் என்பது அவற்றுட் பரவலாக வழங்கியது. அவற்றின் வரவால், கடையில் வாங்கிய தட்டிலுள்ள கருவத்தை எவ்வித மாற்றமுமின்றி இயக்க முடிந்தது. மாற்றப்படாத கருவத்தை, எதுவும் கலவாத பனிக்கூழின் பெயரால், 'வனிலா' என அழைத்தனர். புதுப்பித்தல்கள் இனி அஞ்சத்தக்கனவாக இருக்கவில்லை. பழுது முறைமையில் இல்லையெனில் அது பொறியின் கூற்றிலேயே இருத்தல் வேண்டும் என்ற தெளிவும் பிறந்தது.

பொறியின் கூற்று என்பது யாது? இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 இல் வகுத்த ஏசிபிஐ என்னும் விதிமுறையின்படி, ஒவ்வொரு தாய்ப்பலகையும் தன்னிடமுள்ள சாதனங்கள் எவை, அவை எங்கெங்கே உள்ளன, எவ்வாறு உறங்கும், எவ்வாறு விழிக்கும் என்பனவற்றை விவரிக்கும் ஓர் இடாப்பைப் பணிசெயல் முறைமையிடம் ஒப்படைக்கின்றது. ஊரில் யார் யார் வாழ்கின்றனர் என்று விதானையார் வைத்திருக்கும் இடாப்புப் போன்றது அது. பலகைகளை ஆக்கியோர் பெரும்பாலும் விண்டோஸை மனத்திற்கொண்டே அதனை எழுதினர். பிழைகள் இருந்தபோதும் விண்டோஸ் அவற்றைப் பொருட்படுத்தாமற் சென்றது. மக் முறைமையோ இடாப்பில் உள்ளதை உள்ளவாறே நம்பிற்று.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டே போதுமானது. 2009 இல் ஸ்னோ லெப்பேட் எனப்படும் 10.6 ஆம் பதிப்பு வந்தபின், கணினியை மறுபடி தொடக்கும்போதோ உறக்கத்திலிருந்து எழுப்பும்போதோ தாய்ப்பலகையின் அமைப்புக்கள் யாவும் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்புவதாகப் பலர் முறையிட்டனர். வன்தட்டு இணைப்பு முறையும் அதனோடு மாறிவிடும். உடனே வேர்ச்சாதனம் காணாமற் போகும். ஒரு பழுது மற்றொரு பழுதின் உருவில் வந்து நின்றமையால், பலர் குற்றமற்ற வன்தட்டையே சோதித்துக்கொண்டிருந்தனர். ஈற்றில் காரணம் இடாப்பில் நேரக் கடிகாரத்துக்குரிய பதிவிலே கண்டறியப்பட்டது. அக்கடிகாரத்துக்குரிய முகவரிகளின் நீளம் நான்கு என அங்கே எழுதப்பட்டிருந்தது. மக் முறைமை அதனை நம்பித் தனக்குரியதல்லாத பகுதியிலும் எழுதிவிட, பலகை தன் நினைவு கெட்டுவிட்டதாகக் கருதி யாவற்றையும் அழித்தது. நான்கை இரண்டாக மாற்றியதும் பழுது நீங்கிற்று. ஓர் எண்! அதனைக் கண்டறிவதற்கு இடாப்பைப் பிரித்து, அதன் மொழியைப் பயின்று, உண்மையான மக்கின்டொஷின் இடாப்போடு வரிக்குவரி ஒப்பிட வேண்டியிருந்தது. பாடபேதம் ஆராயும் பதிப்பாசிரியர் ஒருவரின் வேலைக்கும் இதற்கும் அதிக வேற்றுமையில்லை.

அறிகுறியை அடக்குதலும் காரணத்தைத் தீர்த்தலும் வேறு வேறானவை என்பதை மின்வலு முகாமை பற்றிய பழுது நன்கு விளக்கும். செயலியின் வேகத்தையும் வலுவையும் ஆளும் ஒரு பதிவகத்தைப் பல பலகைகள் பூட்டி வைத்திருந்தன. அப்பிள் பலகைகளில் அப்பூட்டு இல்லை. பூட்டிய பதிவகத்தில் எழுத முயன்ற துணைநிரல் கருவத்தையே வீழ்த்திவிடும். முதலிற் கையாண்ட பரிகாரம் அத்துணைநிரல் ஏறாதபடி தடுப்பதாகும். கணினி எழுந்தது, ஆனால் உறங்க மறுத்தது, வெப்பமும் மிகுந்தது. பின்னரே பூட்டைத் திறக்கவும், எழுதும் முயற்சியை மட்டும் தவிர்க்கவும் வழிகள் கண்டனர்.

2009 நவம்பரில் வந்த 10.6.2 ஆம் புதுப்பித்தல், மலிவான சிறு மடிக்கணினிகளில் இருந்த அட்டம் செயலிக்கான ஆதரவை நீக்கியது. டெல் மினி 9 வைத்திருந்தோர் திருத்திய கருவத்தை மீண்டும் நாட நேர்ந்தது. வெட்டலின் காலம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை.

அதே மாதத்திலேயே சட்டமும் தன் முடிவைக் கூறிற்று. 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் புளோரிடாவிலே சைஸ்டார் என்னும் சிறு நிறுவனம், மக் முறைமையை ஏற்றத்தக்க கணினியை 399 டொலருக்கு விற்கப்போவதாக அறிவித்தது. யூலையில் அப்பிள் வழக்குத் தொடுத்தது. ஒவ்வொரு கணினியோடும் முறைமையின் ஒரு பிரதியை விலைகொடுத்து வாங்கியே சேர்ப்பதாகச் சைஸ்டார் வாதிட்டது. உரிமப் பத்திரமோ அப்பிளின் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே நிறுவலாம் என்றது. முறைமையின் பெட்டியோடு வரும் அப்பிள் ஒட்டுச்சின்னத்தைத் தம் கணினியில் ஒட்டிவிட்டு இனி இதுவும் அப்பிளின் பெயர் பொறித்ததே என நகையாடியோர் உண்டு. நீதிமன்றத்தில் நகைச்சுவைக்கு இடமிருக்கவில்லை. 2009 நவம்பர் 13 ஆம் நாள் நீதிபதி வில்லியம் அல்சப், பிரதிசெய்தல், பரப்புதல், மாற்றிய ஆக்கம் உண்டாக்குதல், காவலை உடைத்தல் ஆகியவற்றில் சைஸ்டார் சட்டத்தை மீறியதெனத் தீர்ப்பளித்தார். டிசெம்பரில் நிரந்தரத் தடையுத்தரவு வந்தது. 2011 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

இத்தீர்ப்பை விற்பனையாளன் ஒருவனின் தோல்வியாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஆர்வலர்கள் விலையின்றிப் பகிர்ந்த அறிவை ஒரு நிறுவனம் பண்டமாக்கியதை ஆர்வலர்களே விரும்பவில்லை. பழுதறிந்து தானே பொருத்துபவனுக்கும், பிறர் கண்ட தீர்வைப் பெட்டியில் அடைத்து விற்பவனுக்கும் இடையே அவர்கள் கண்ட வேறுபாட்டைச் சட்டம் அவ்வாறே காணவில்லை. உரிமப் பத்திரத்தின் முன் இருவரும் ஒரே நிலையினரே. தனியாளின் கணினி அறைக்குள் இருந்தது, விற்பனையாளனின் கணினி சந்தையில் இருந்தது; வேறுபாடு அவ்வளவே.

சந்தையில் எழுந்த வெற்றிடம் தனியாட்களின் முயற்சியை மேலும் வளர்த்தது. 2013 இல் அப்பிள் வெளியிட்ட உருளை வடிவ மக் புறோ, 2,999 டொலரில் தொடங்கியபோதும் உள்ளே அட்டைகளை மாற்ற இடமளிக்கவில்லை. 2019 வரை அதற்கு மாற்றும் வரவில்லை. வந்த மாற்றின் தொடக்க விலை 5,999 டொலர். நிகழ்படத் தொகுப்பிலும் இசைப்பதிவிலும் ஈடுபட்ட தொழிலாளர் பலர் இக்காலத்தில் தம் கணினியைத் தாமே பொருத்த முற்பட்டமைக்குப் பொருளியற் காரணம் வெளிப்படையானது.

பழுதுகளின் இயல்பும் மாறிவந்தது. 2015 இல் வந்த 10.11 ஆம் பதிப்பு ஒரு கட்டுப்படுத்தியில் பதினைந்து யூஎஸ்பி வாயில்களை மட்டுமே ஏற்றது. வேகமிகு வாயில் ஒன்று இரண்டாகக் கணக்கிடப்படும். புதிய பலகைகளிலோ இருபதுக்கு மேற்பட்ட பதிவுகள். வரிசையிற் பின்னால் நின்ற வேகவாயில்கள் உயிரற்றுப் போயின. எந்த வாயில் எந்தப் பதிவுக்குரியது என ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துப் பட்டியலிடுதல் அலுப்பூட்டும் வேலையாயினும் தவிர்க்கமுடியாத வேலையாயிற்று. 2018 இல் மொஹாவே பதிப்பு வந்தபோது என்விடியாவின் புதிய வரைவியல் அட்டைகளுக்கான இயக்கி வெளிவரவேயில்லை. எத்துணை பழுதறிந்தும் பயனில்லை, அட்டையை மாற்றுவதே தீர்வு. 2019 இல் தோன்றிய ஓப்பின்கோர் என்னும் தொடக்க ஏற்றி, எதனையும் தானாக ஊகியாது, ஒவ்வொரு மாற்றத்தையும் பயன்படுத்துவோரே அறிந்து எழுதும்படி கேட்டது. தொடக்கத் தட்டுக்களின் மறைவுக்கு இது நேரெதிரானது. கடினமானது எனக் குறைகூறினோர் பலர். ஆனால் அதனாற் கணினியை எழுப்பியவர் தம் கணினியில் உள்ளது எது என்பதை அறிந்திருந்தார்.

2020 யூன் 22 ஆம் நாள் அப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறுவதாக அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் எம்1 செயலி கொண்ட கணினிகள் வந்தன. கவிதையாலும் சாவியாலும் உரிமப் பத்திரத்தாலும் நிறுத்தமுடியாத ஒன்றை நிறுத்தும் வலிமை இம்மாற்றத்துக்கு இருந்தது. சந்தையில் வாங்கத்தக்க உதிரிகளில் அச்செயலி இல்லை. 2023 இல் சொனோமா பதிப்பு பழைய புரோட்கொம் கம்பியில்லா அட்டைகளுக்கான ஆதரவை நீக்கியது. 2025 யூனில், டஹோ எனப் பெயரிட்ட 26 ஆம் பதிப்பே இன்டெல் கணினிகளுக்குரிய இறுதிப் பதிப்பு என அப்பிள் அறிவித்தது. அப்பதிப்பும் நான்கு இன்டெல் மாதிரிகளை மட்டுமே ஏற்கின்றது.

ஏற்கப்படாத ஏனைய இன்டெல் மாதிரிகள் அப்பிள் தானே ஆக்கி, தன் சின்னம் பொறித்து விற்றவை. அவற்றை வைத்திருப்போருக்காக ஓப்பின்கோரை அடிப்படையாகக் கொண்ட ஒட்டுநிரல் ஒன்று வழங்கிவருகின்றது. கைவிடப்பட்ட மக்கின்டொஷ்களில் புதிய பதிப்புக்களை அதுவே இயக்குகின்றது. அது இயங்க மறுக்குமிடத்து அவர்களிடமும் முதலிற் கேட்கப்படுவது, கருந்திரையின் இறுதி வரி எது என்பதே.